சானிடைசர் கொடுத்தார்கள், இடைவெளி கொடுக்கவில்லை

2021 மே 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கியது. துணிக்கடை கிடையாது, அரசு பஸ் கிடையாது. மே 24-இலிருந்து மளிகைக் கடையும் அடைப்பு. காய்கறி வண்டியில் தெருவுக்கு வந்தது. அப்போதும் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சாலைகளில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. கார் கம்பெனிகளுக்கும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கும் ஊரடங்கில் விலக்கு இருந்தது. மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அன்றைக்கு நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட்.

உலை எரிகிற ஆலையை, ரசாயனம் கொதிக்கிற ஆலையை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. அவர்களுக்கு விலக்கு கொடுப்பதில் நியாயம் உண்டு. கார் அசெம்பிளி லைன் அப்படிப்பட்டதில்லை. அதை நிறுத்த ஒரு கயிறு போதும். நான் வேலை செய்வது காருக்கு டாஷ்போர்டு பூட்டிக் கொடுக்கும் கம்பெனியில். எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும், ஆன்டான் என்பார்கள். ஸ்க்ரூ சரியாக ஏறவில்லை, ஒயர் கிளிப் உட்காரவில்லை என்றால் அதை இழுக்கலாம். உடனே பாட்டு அடிக்கும், லைன் லீடர் ஓடி வருவார், அவராலும் சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். சில ரூபாய் பெறாத ஒரு கிளிப்புக்காக லைனை நிறுத்தும் உரிமை நேற்றுச் சேர்ந்த டிரெய்னிக்கும் உண்டு. பக்கத்தில் நிற்பவன் காய்ச்சலோடு வேலை பார்க்கிறான் என்று அந்தக் கயிற்றை இழுக்கும் உரிமை மட்டும் எங்களில் யாருக்கும் கிடையாது.

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். காலால் மிதித்தால் சானிடைசர் ஊற்றும் ஸ்டாண்டு வைத்தார்கள். காலையில் எவர்சில்வர் டம்ளரில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லோரும் குடித்தோம். விரல் வைத்துப் பஞ்ச் அடிப்பதை நிறுத்தி அட்டையைக் காட்டச் சொன்னார்கள். பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் ஸ்டிக்கர். கேண்டீன் மேசையில் பிளாஸ்டிக் தடுப்பு. எல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள்: இவற்றில் ஒன்றுகூட லைனின் வேகத்தைத் தொடவில்லை.

லைனில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு டாஷ்போர்டு சட்டம், அதைப் பிடித்து நகர்த்தும் தாங்கியில் (ஜிக் என்போம்) ஏறி ஸ்டேஷனுக்கு வரும். இடப்பக்கம் ஒருவர் ஒயரிங் ஹார்னஸை, அதாவது ஒயர் கட்டை, உள்ளே விட்டு இழுப்பார். வலப்பக்கம் இன்னொருவர் ஏ.சி. காற்றுக் குழாயைப் பூட்டுவார். கிளிப்புகள் அடியில் இருப்பதால் இருவரும் குனிந்தாக வேண்டும். குனிந்தால் தலைக்கும் தலைக்கும் நடுவே இரண்டு சாண் இருந்தால் அதிகம். ஒரு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், அடுத்த ஜிக் வந்துகொண்டே இருக்கும். மே மாத வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ஒரு மணி நேரத்தில் மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிவிடும். மூச்சு மேலே ஏறிப் பாதுகாப்புக் கண்ணாடியில் பனி படியும். கண்ணாடியைக் கழற்றினால் சேஃப்டி ஆபீசர் திட்டுவார், மாஸ்க்கை இறக்கினால் ஹெச்.ஆர். திட்டுவார், இரண்டும் இருந்தால் ஸ்க்ரூ தலை தெரியாது, அப்போது லைன் லீடர் திட்டுவார். மூன்று பேரில் யாருடைய திட்டு குறைவாக உறைக்கிறதோ அதற்கேற்ப ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பெரும்பாலும் மாஸ்க் மூக்குக்குக் கீழே வந்துவிடும்.

உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பணியிடங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து விடுவது, தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் உண்டு. முதல் அலையில் கொஞ்சநாள் எங்கள் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. 2021 வந்தபோது ஆர்டர் நிறைய இருந்தது. ஒரு மணி நேரம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய், இரண்டு ஷிப்டும் கேட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. அந்த ஏப்ரல் கடைசியில்தான் உலக சுகாதார நிறுவனம், காற்றோட்டமில்லாத, கூட்டமான உள்ளிடங்களில் இந்த நோய் காற்று வழியாகவும் பரவும் என்று தன் தளத்தில் தெளிவாக எழுதியது. நாங்கள் அப்போதும் மேசையையும் கைப்பிடியையும் துடைத்துக்கொண்டிருந்தோம். துடைப்பது எளிது, துடைக்க ஓர் ஆளைப் போட்டால் போதும். இடைவெளி விட வேண்டுமென்றால் லைனில் இடம் காலியாக ஓட வேண்டும். மூன்று ஜிக் போனபின் நான்காவதைக் காலியாக விட்டால் உற்பத்தி கால்வாசி குறையும். எல்லாத் தகராறும் அந்தக் கால்வாசியில்தான் இருந்தது.

எங்கள் கம்பெனியில் சங்கம் கிடையாது. ஒர்க்ஸ் கமிட்டி உண்டு. அப்போதிருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அரசு சொன்னால் இப்படி ஒரு கமிட்டி வைக்க வேண்டும் என்றது. அதில் தொழிலாளர் ஆட்கள் நிர்வாகத்தின் ஆட்களைவிடக் குறையக் கூடாது. கேண்டீன் சாம்பாரில் உப்பு, பஸ் லேட், யூனிஃபார்ம் அளவு, இதெல்லாம்தான் பெரும்பாலும் பேச்சு. நானும் அதில் ஓர் உறுப்பினர். மே இரண்டாம் வாரம் அவசரக் கூட்டம் கேட்டோம். எங்களில் மூத்தவர், செய்யாற்றுப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், பஸ்ல ஒரு சீட் விட்டு ஒரு சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டு வர்றீங்க. இறங்கினதும் ஒரே ஜிக் மேல ரெண்டு பேரைத் தலை முட்ட நிக்க வைக்கறீங்க. கொரோனாவுக்கு பஸ்ல மட்டும்தான் கண்ணு தெரியுமா?"

ஹெச்.ஆர். மேனேஜர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அண்ணே, நான் என்ன செய்யட்டும்? லைன் ஸ்பீடு நம்ம கையில இல்ல. கஸ்டமர் வண்டி எந்த வரிசைல வருதோ அந்த வரிசைல டாஷ்போர்டு போயாகணும். ஒரு மணி நேரம் லேட் ஆனா அவங்க லைன் நிக்கும், பெனால்டி நம்ம தலைல."

அவர் சொன்னதும் உண்மைதான். உதிரிபாகக் கம்பெனி கிடங்கில் சரக்கைக் குவித்து வைப்பதில்லை. பெரிய கம்பெனி லைனில் நீல வண்டிக்குப் பின்னால் வெள்ளை வண்டி என்றால், எங்கள் லாரியிலும் அதே வரிசையில் டாஷ்போர்டு ஏற வேண்டும். எங்கள் வேகத்தை முடிவு செய்கிற ஆள் எங்கள் கூட்டத்துக்கு வரவே மாட்டார். ஒர்க்ஸ் கமிட்டி அவரிடம் எப்படிப் பேசும்?

சட்டத்தைத் தேடிப் படித்ததும் அந்த வாரம்தான். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 7-ஏ: வேலை செய்பவர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் "நியாயமாக நடைமுறைக்குச் சாத்தியமான அளவுக்கு" உறுதி செய்வது தொழிற்சாலை நடத்துபவரின் பொதுக் கடமை. நல்ல பிரிவு. சாத்தியமான அளவு எது என்று யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். சானிடைசர் சாத்தியம், காலி ஜிக் சாத்தியமில்லை என்று அவர்கள் சொன்னால் முடிந்தது. அடுத்தது 41-எச். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால், நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் சேர்த்த பிரிவு. படித்ததும் சந்தோஷமாக இருந்தது, முழுக்கப் படிக்கும் வரை. அது ஆபத்தான செய்முறைகள் நடக்கும் தொழிற்சாலைகளுக்கு மட்டும், அதுவும் விபத்தால் வரும் ஆபத்துக்கு. டாஷ்போர்டு பூட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. சொன்ன பிறகும் வேலையை விட்டு நகர்ந்துகொள்ளலாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

நகர்ந்துகொள்ளும் உரிமை உலகத்தில் இல்லாமல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் வருட 155-ஆம் உடன்படிக்கை, உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. நாங்கள் கேண்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த 2021-இல் இந்தியா அதை ஏற்பு செய்திருக்கவில்லை.

அப்புறம் எங்களைக் காப்பாற்றியது யார் என்றால், பெரிய கம்பெனிகளின் தொழிலாளர்கள். ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலையின் சங்கம், ரெனோ நிஸ்ஸான் இந்தியா தொழிலாளர் சங்கம், சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 3,500 பேரின் சங்கம். லைனில் சமூக இடைவெளி காக்கப்படவில்லை, உயிருக்கு ஆபத்து என்பது அவர்களுடைய வாதம். எல்லா வழிமுறைகளையும் பின்பற்றுகிறோம் என்பது நிர்வாகத்தின் பதில். தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு விசாரித்தது. மே 26 முதல் வேலைக்கு வர மாட்டோம் என்று சங்கம் அறிவித்தது. நிர்வாகம் அன்றிலிருந்து மே 30 வரை ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, மே 24 அன்று, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் மே 29 வரை அங்கும் மூடல். அரசு விலக்கு அப்படியேதான் இருந்தது. நிறுத்தியது தொழிலாளர்கள். நீதிமன்றம் தொழிலையும் நிறுத்தாமல் பாதுகாப்பையும் விடாமல் ஒரு வழி காணச் சொல்லி, அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றது. என்னைக் கேட்டால், அந்த வழக்கில் தீர்ப்பைவிட முக்கியம், லைனில் காருக்கும் காருக்கும் நடுவே இடம் விடுவது என்ற பேச்சு முதன்முறையாகக் கோர்ட் வரை போனது. அதுவரை அது எங்களைப் போன்றவர்களின் புலம்பலாக மட்டும் இருந்தது.

வண்டி ஓடாததால் டாஷ்போர்டும் வேண்டாம். எங்கள் கேட்டும் மூடியது. வாட்ஸாப்பில் செய்தி வந்த இரவு எங்கள் லைன் குரூப்பில் கையெடுத்துக் கும்பிடும் படங்களாக வந்து குவிந்தன. ஒரு குரூப்பில் மட்டும் சத்தமில்லை. அது கான்ட்ராக்ட் பையன்களின் குரூப்.

அவர்கள் நிலைமை வேறு. எங்கள் லைனில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ். எங்களுக்கு மூடிய நாட்களுக்குச் சம்பளம் உண்டு, பின்னால் ஒரு ஞாயிறு வேலை பார்த்து ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்கு வந்தால் கூலி. 2020 மார்ச் 29-இல் ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. மே மாதம் அதை விலக்கிக்கொண்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. கான்ட்ராக்டரோடு உட்கார்ந்து சம்பளம் பேசித் தீர்த்துக்கொண்ட பத்தொன்பது வயதுப் பையன் யாரையும் நான் பார்த்ததில்லை.

சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் தங்கியிருந்த ரூமுக்குப் போயிருக்கிறேன். ஒரு ஹால், ஒரு சமையல் மூலை, ஒரு பாத்ரூம். விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி, ஒடிசா என்று கலந்து ஆட்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் படுப்பான். காய்ச்சல் வந்தால் தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று கம்பெனி நோட்டீஸ் சொன்னது. எந்த மூலையில்? அதனால் காய்ச்சல் வந்தவன் ஒரு டோலோ போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டும்வரை குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, லைனுக்கு வந்தான். வீட்டில் படுத்தால் கூலி போகும், ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்வார். நோயை மறைத்தான் என்று அவனைக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. சம்பளத்தோடு விடுப்பு இருந்திருந்தால் அவனே முதலில் சொல்லியிருப்பான். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி பத்து வாங்குவதைவிட, ஆளுக்குப் பதினான்கு நாள் சம்பள விடுப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால் லைன் பாதுகாப்பாக இருந்திருக்கும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். உண்டு. நோய்ப் பயனாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்த 2021 ஜூனில் ஈ.எஸ்.ஐ. கழகம் கோவிட் நிவாரணத் திட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. கோவிட்டில் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நோய் எங்கே தொற்றியது என்று அது கேட்கவில்லை. வேலையால் வந்த நோய் என்று காட்டி இழப்பீடு வாங்குவதென்றால் எங்கள் ஆட்கள் யாருக்கும் நடக்காது. பஸ்ஸிலா, ரூமிலா, ஜிக்கிலா என்று எவன் சாட்சி சொல்வான்? இந்தத் திட்டத்தில் கேட்டது வேறு. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும், அன்றைக்கு வேலையில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் மோல்டிங் பகுதியில் கான்ட்ராக்டில் இருந்தவர் ஒருவர் அந்த மே கடைசியில் இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகள். பல வருடமாக அதே மெஷினில் நின்றவர். ஆனால் பிப்ரவரி கடைசியில் கான்ட்ராக்டர் மாறியிருந்தார், புது கான்ட்ராக்டர் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்காமல் புதிதாக ஓர் எண் போட்டிருந்தார். ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அவர் புது ஆள், மூன்று மாதம் ஆகவில்லை. அண்ணனும் நானும் அவருடைய மனைவியும் பழைய சம்பளச் சீட்டுகளை அலமாரியிலிருந்தும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தும் தேடி எடுத்து, இரண்டு எண்ணையும் ஒன்றாக இணைக்கச் சொல்லி அலைந்தோம். பழைய கான்ட்ராக்டர் போனை எடுக்கவே இல்லை. கிளை அலுவலகத்தில் ஓர் அம்மா, தானாக முன்வந்து பழைய பதிவைத் தேடிக் கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் அந்தக் கோப்பு அங்கேயே கிடந்திருக்கும். கடைசியில் பணம் வந்தது. இப்போது யார் புதிதாகச் சேர்ந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது ஈ.எஸ்.ஐ. எண்ணையும் பி.எஃப். எண்ணையும்தான். போன் மாற்றினாலும் எண்ணை மாற்றவிடாதே என்போம்.

அந்தக் காலத்தில் தொழிலாளர் சட்டமே கொஞ்சநாள் வேண்டாம் என்று நினைத்த அரசுகளும் இருந்தன. குஜராத் 2020 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு போட்டது: பன்னிரண்டு மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கிடையாது. தொழிற்சாலைகள் சட்டத்தில் போர், உள்நாட்டுக் கலவரம் போன்ற நெருக்கடிக்காக இருக்கும் 5-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு போட்டது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெருந்தொற்று என்பது நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் உள்நாட்டுக் குழப்பம் ஆகாது என்று சொல்லி, ஓவர்டைம் கூலியைச் சட்டப்படி கொடுக்கவும் சொன்னது. பன்னிரண்டு மணி நேர ஆசை அதோடு ஓயவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டப் பேரவையிலேயே அப்படி ஒரு திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

இப்போது தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதில் சங்கங்கள் எதிர்க்கும் விஷயங்கள் நிறைய உண்டு, பலவற்றில் நானும் அவர்கள் பக்கம். 14-ஆம் பிரிவு மட்டும் பழைய 41-எச்சைவிட ஒரு படி மேல். உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் உரிமை, ஆபத்தான செய்முறை என்ற வேலியைத் தாண்டி மற்ற தொழிலாளர்களுக்கும் வருகிறது. நிர்வாகத்துக்கு அதில் உடன்பாடில்லை என்றால் ஆய்வாளரிடம் அனுப்பியாக வேண்டும், அவர் சொல்வதே முடிவு. அவர் வரும்வரை ஜிக்கை விட்டு நகரலாமா என்றால், அதற்கு மட்டும் இந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

அந்தப் பிரிவைத் தமிழில் எழுதி, அச்சடித்து, கேண்டீன் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். ஹெச்.ஆர். மேனேஜர் புது ஆள், சின்ன வயது. "விதிகள் வரட்டும் அண்ணா, பார்க்கலாம்" என்றார். சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போனோம்: பஸ் லேட்.